இருளப்பன்கிணற்றுக்கு மூன்று தாள்

எங்கள் தாலுகாவில் ஊர்கள் எப்படி உண்டாயின என்று கேட்டால் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மாடு படுத்தது.

பஞ்சம் பிழைக்க ஒரு குடும்பம் வண்டி கட்டி வரும். கரிசல் காட்டுக்கு நடுவில் மாடு படுத்துக்கொள்ளும். அடித்தாலும் எழாது. சாமி உத்தரவு என்று அங்கேயே அடுப்பு மூட்டுவார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் பெயரோடு ஒரு பட்டியோ புரமோ சேர்ந்து ஊராகிவிடும். பணிக்காலத்தில் நான் எழுதி எடுத்த ஊர்க் கதைகளில் பாதிக்கு மேல் இதுதான். எருமை படுத்து ஊர் உண்டானதாக ஒருவர்கூடச் சொன்னதில்லை. எருமை எங்கே வேண்டுமானாலும் படுக்கும் என்பதால் அதன் உத்தரவை யாரும் மதிக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு நல்ல மாட்டு வைத்தியர் இருந்திருந்தால் எங்கள் மாவட்டமே இருந்திருக்காது.

இந்த மாதிரி பேசித்தான் நான் வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருடம் ஓட்டினேன். வேலை தெரிந்தவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. “அவர் இருந்தா ஆபீஸ் கலகலன்னு இருக்கும்” என்பார்கள். ஒரு அரசு ஊழியனைப் பற்றி இதைவிட மோசமாக எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

போன மாதம் கௌசல்யா போன் செய்தார். சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இப்போது வி.ஏ.ஓ.வாக இருக்கிற பெண். “சார், சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிருச்சுல்ல, ஊர் பேர லிஸ்ட்ல தொட்டு எடுக்கணும். லிஸ்ட்ல இல்லாத பேரு நெறைய வருது. பழைய ஆளுங்க சொன்னாத்தான் தெரியும். நம்ம சங்க மலருக்கு ஊர்ப் பேருங்களப் பத்தி ஒரு கட்டுரை எழுதுங்க சார். உங்க ஸ்டைல்ல, ஜாலியா” என்றார்.

ஜாலியாகத்தான் தொடங்கியிருக்கிறேன் அம்மா. எவ்வளவு தூரம் தாக்குப் பிடிக்கும் என்று பார்ப்போம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அளவுச் சங்கிலி இழுத்தேன், வெயிலில் மயங்கி விழுந்தேன், தலையாரி மோர் வாங்கிக் கொடுத்தார், தேர்ச்சி பெற்றுவிட்டேன். உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது தாசில்தார் ராஜமாணிக்கத்திடம்தான்.

ஒல்லியான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். தச்சு ஆசாரி மாதிரி காதில் பென்சில் செருகியிருப்பார். ஒரு தீப்பெட்டிக்குள் அரை பிளேடு வைத்திருப்பார், பென்சில் சீவ. எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். ஒரு வாரம் கழித்து எடுத்துப் படிப்பார். அப்போதும் சரி என்று பட்டால்தான் மேலே மை ஏறும். “மையில எழுதுனா அப்புறம் அதுக்கு நாம வக்காலத்து வாங்க ஆரம்பிச்சுருவோம்” என்பார்.

தாலுகாவில் உள்ள குக்கிராமங்களுக்கெல்லாம் ஊர் உண்டான விவரமும் பெயர்க் காரணமும் எழுதி அனுப்பும்படி ஒருமுறை மேலிடத்து உத்தரவு வந்தது. என்னிடம் கொடுத்தார்கள். நான் மிகுந்த புத்திசாலித்தனத்தோடு ஒரு படிவம் தயாரித்தேன். வரிசை எண், ஊர் பெயர், முதல் குடும்பம், அதற்கடுத்த கட்டம்: “மாடு படுத்ததா? ஆம் / இல்லை.” ஐம்பது நகல் எடுத்தாகிவிட்டது. தாசில்தார் ஒரு நகலை மேலிருந்து கீழே படித்தார். சிரிக்கவில்லை.

“எந்தத் திசையைப் பாத்துப் படுத்துச்சுன்னு ஒரு கட்டம் விட்டுப்போச்சே” என்றார். பிறகு, “நாளைக்கு எங்கூட வாங்க.”

மறுநாள் அவர் வேலை பார்ப்பதைப் பார்த்தேன். ஊருக்குள் போனதும் முதலில் தண்ணீர் கேட்பார். ஜீப்பில் பாட்டில் நிறைய தண்ணீர் இருக்கும். இருந்தாலும் கேட்பார். யார் கொண்டுவருகிறார்கள், எங்கிருந்து கொண்டுவருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்று குடிப்பார். “தண்ணி குடுக்க ஆள் இருந்தா அது ஊரு. மத்ததெல்லாம் அப்புறம்” என்பார். குடித்த பிறகு ஊரைச் சுற்றி ஒரு நடை. கடைசி வீட்டுக் கொல்லை வரை போய்த் திரும்பாமல் உட்கார மாட்டார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “இங்க மொத அடுப்பு யாரு மூட்டுனது?” பதில் சொல்ல ஆண்கள் வாயைத் திறப்பார்கள். அவர் கண் பெண்கள் பக்கம் இருக்கும்.

அன்று போனது ஒரு தகராறுக்கு. ரோட்டுக்கு மேற்கே ஒரு புதூர், கிழக்கே ஒரு புதூர். நாங்கள்தான் உண்மையான புதூர், அவர்கள் பெயரை மாற்றச் சொல்லுங்கள் என்று இரண்டு பக்கமும் மனு. பாதி நாள் இரண்டு பக்கமும் கத்தித் தீர்த்தார்கள். தாசில்தார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெல்லச் சொன்னார்: “உங்க வீடுகள்ல பழைய கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை இருந்தா எடுத்துட்டு வாங்க.”

கொண்டுவந்தார்கள். மேற்கே உள்ளவர்கள் பத்திரிகைகளில் வெறும் புதூர். கிழக்கே உள்ளவர்கள் தங்கள் பத்திரிகைகளில் கோவில்புதூர் என்று தாங்களே போட்டிருந்தார்கள். தகராறு அங்கேயே முடிந்தது.

திரும்பும்போது ஜீப்பில் சொன்னார்: “மனுவுல பொய் சொல்லுவான். பத்திரிகையில சொல்ல மாட்டான். சொன்னா சம்பந்தகாரன் வேற ஊருக்குப் போயிருவான். ஆனா ஒரு தாள் போதாது, அது ஒருத்தன் ஆசையா இருக்கும். ரெண்டு இருந்தா அண்ணன் தம்பியா இருப்பாங்க. மூணு வீட்ல மூணு தாள் இருந்தா அதுதான் ஊர்ப் பேரு.”

இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர் இருந்தவரை அதுதான் விதி. மனு வரும், தண்டோரா போடுவோம், ஆட்சேபணைக்கு நாள் விடுவோம், எல்லாம் முறைப்படி நடக்கும். கடைசியில் மூன்று வீட்டுத் தாள் வந்தால்தான் பென்சில் எழுத்துக்கு மேல் மை ஏறும்.

வீட்டில் தாள் இல்லை என்று சொல்லும் ஊர்களுக்காக என்னைத் திருத்தங்கலுக்கு அனுப்புவார். அங்கே காதர் பாய் அச்சகம் வைத்திருந்தார். அடித்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியை, திருத்தம் போட்ட தாளோடு சேர்த்து, கம்பியில் குத்தி மாட்டிவைப்பது அவர் பழக்கம். சுவர் முழுக்கக் கம்பிகள். சுற்று வட்டாரம் மொத்தத்தின் கல்யாணமும் சாவும் தூசியோடு தொங்கும்.

“வாங்க சார். யாருக்குக் கல்யாணம்?”

“ஊருக்கு, பாய்.”

“அப்ப மஞ்சக் கார்டா, ரோஸ் கார்டா?”

இப்படியே பல ஊர்களுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தோம். சந்தோஷமான வருடங்கள். கட்டுரையை இங்கேயே முடித்துவிட்டால் கௌசல்யா கேட்ட மாதிரி இருக்கும்.

ராஜமாணிக்கம் ஓய்வு பெற்றுப் போனார். போகும்போது அந்தத் தீப்பெட்டியையும் பென்சிலையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சில வருடங்களில் நான் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ. ஆனேன். அப்போது ஒரே வாரத்தில் இரண்டு கோப்புகள் என்னிடம் வந்தன.

முதல் கோப்பு ஒரு மனு. எம். புதுப்பட்டிக்குப் போகும் பாதையிலிருந்து பிரிந்து போனால் தரிசு நிலத்தில் நாற்பது வீடுகள் இருக்கின்றன, எங்கள் ஊரை இருளப்பன்கிணறு என்ற பெயரில் குக்கிராமமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கருப்பாயி என்ற பெண் கைநாட்டு வைத்திருந்தார். இரண்டாவது கோப்பு ஒரு பட்டாசு ஆலை முதலாளியுடையது. ஆலைக்குத் தெற்கே புதிதாக வெடிமருந்து அறைகள் கட்ட வேண்டும், தடையில்லாச் சான்று வேண்டும். அறைகளுக்கும் குடியிருப்புக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே நான்கு திசையிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து ஆர்.ஐ. எழுத வேண்டும்.

ஆலைக்குத் தெற்கே இருந்தது அந்த நாற்பது வீடுகள். ஒரு கோப்பு ‘நாங்கள் இருக்கிறோம்’ என்றது. இன்னொரு கோப்பு ‘அங்கே யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டது. இரண்டுக்கும் ஒரே கை பதில் எழுத வேண்டும். அந்தக் கை என்னுடையது.

பங்குனி வெயிலில் போனேன். ராஜமாணிக்கம் பாணியில் முதலில் தண்ணீர் கேட்டேன். கருப்பாயிதான் கிணற்றில் இறைத்துச் சொம்பில் கொண்டுவந்தார். பட்டாசு மருந்து உருட்டிய கை. விரல் இடுக்கில் எல்லாம் சாம்பல் நிறம். தண்ணீர் நன்றாக இருந்தது. அந்தப் பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர் அபூர்வம்.

“இங்க மொத அடுப்பு யாரு மூட்டுனது?”

“நாந்தேன் சார். ஆறு குடும்பமா வந்தோம்.”

“மாடு படுத்துச்சா?” என்று பழக்க தோஷத்தில் கேட்டேன்.

“மாடா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாடு இருந்தா நாங்க ஏன் சார் இங்கன வாரோம்? மழையில்லாம காட்டு வேல போயி, பட்டாசு வேலைக்கு வந்த ஆளுக. நாங்கதான் படுத்தோம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கிணற்றின் கதையைச் சொன்னார். இருளப்பன் அவருடைய கணவர். ஆலை வேலை முடிந்து வந்து பொழுது சாயும்வரை தனி ஆளாக வெட்டியிருக்கிறார். மற்றவர்கள் மண் அள்ளிக் கொட்டினார்கள். மூன்று ஆள் ஆழத்தில் தண்ணீர் கண்டது. கண்ட அன்றைக்கே பக்கம் சரிந்தது.

“தண்ணியும் அன்னைக்குத்தான் வந்துச்சு. அவுக போனதும் அன்னைக்குத்தான். பெறகு எல்லாருமாச் சேந்து திரும்ப எடுத்துக் கல்லுக் கட்டுனோம். அப்பப் பிடிச்சு இருளப்பன்கிணறுன்னுதான் பேரு.”

“ஊர்க் கணக்குல ஏறினா ரேஷன் கடை வரும், ரோடு வரும்...” என்று நான் அரசாங்கப் பேச்சை ஆரம்பித்தேன்.

“அது வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் சார். அவுகளுக்கு ஒரு போட்டோ கெடையாது. பொறந்ததுக்கு எழுத்து இல்ல, செத்ததுக்கு எழுத்து இல்ல. இருந்ததுக்கு இந்தக் கெணறு மட்டுந்தேன். நீங்க ஊருன்னு எழுதிப்புட்டீகன்னா, அப்படி ஒரு மனுசன் இருந்தாகன்னு ஆயிரும்ல?”

அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதற்குள் வேப்பமரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றவன் மாடசாமி. அந்த ஆலையில் போர்மேன். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் அந்த நாற்பது வீடுகளுக்கும் அவன் சொல்தான்.

“சார், சின்னம்மா வெவரம் தெரியாம மனுக் குடுத்துருச்சு. ஊருன்னு எழுதிராதீக. எழுதுனா புது ரூமுக்கு லைசென்சு கெடைக்காது. சீசன் ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும். நாப்பது வீட்லயும் அடுப்பு எரியாது.”

“ஏலே மாடசாமி, நீ குடிக்கது எந்தக் கெணத்துத் தண்ணிலே?”

“தண்ணிய மட்டும் குடிச்சுக்கிட்டு உசுரோட இருக்க முடியுமா சின்னம்மா?”

“அப்ப அவுக செத்தது?”

“சித்தப்பா செத்தது நாம பொழைக்கத்தானே?”

கருப்பாயி சொம்பைக் கவிழ்த்து மீதித் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினார்.

நான் மூன்று வீட்டுத் தாள் கதையைச் சொன்னேன். மூன்று பத்திரிகை கிடைத்தால் ஊர், கிடைக்காவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை என்று. கருப்பாயி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து மகளின் காதுகுத்துப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். மஞ்சள் கார்டு. ‘இருளப்பன்கிணறு’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. “இது ஒண்ணுதான் இருக்கு சார். பத்தரம்” என்று கொடுத்தார். மற்ற வீடுகளில் தாள் இல்லை என்று மாடசாமி சொன்னான். கூட்டம் தலையை ஆட்டியது. ஒருத்தர் முகமும் என் பக்கம் திரும்பவில்லை.

திருத்தங்கலுக்குப் போனேன். காதர் பாய் கம்பிகளை இறக்கிப் போட்டு ஒரு மணி நேரம் தேடினார். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. வேறு வீடு, இருளப்பன்கிணறு என்றே இருந்தது. இரண்டு. அப்புறம் மாடசாமியின் தங்கை கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் ‘எம். புதுப்பட்டி அருகில்’ என்று மட்டும் இருந்தது. ஆனால் அதோடு குத்தியிருந்த திருத்தத் தாளில் ‘இருளப்பன்கிணறு’ என்று முதலில் அச்சாகியிருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

“நான் கேட்டேன் சார்,” என்றார் பாய். “ஏம்ப்பா, தங்கச்சி கல்யாணத்துல ஊரையே அடிக்கிறியேன்னு. ‘அடிச்சது நானில்ல பாய், சோறு’ன்னான்.” தாளை என் பக்கம் நீட்டினார். “எடுத்துட்டுப் போங்க. கோட்டுக்கு அடியில எழுத்து தெரியுதுல்ல?”

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

“அடிச்ச தாள் செல்லாது பாய்” என்றேன்.

“யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. ராஜமாணிக்கம் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவராக இருந்தால் அந்தச் சிவப்புக் கோட்டைத்தான் முதல் சாட்சியாக எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஊர் பெயரை இவ்வளவு சிரமப்பட்டு மறைக்கிறார்கள் என்றால் மறைக்க ஒரு பெயர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவர் பொய்யைப் பிடிக்க வைத்திருந்த விதிக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு கோப்புகளையும் முடித்தேன். மனுவில், “ஊர்ப் பெயருக்குப் போதிய சான்று இல்லை” என்று எழுதினேன். இன்னொன்றில், “நான்கு திசைகளிலும் குடியிருப்பு ஏதுமில்லை. தெற்கே பாழடைந்த கிணறு ஒன்று உள்ளது” என்று எழுதினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்போது என் வயிற்றில் இருந்தது.

பென்சிலைத் தொடவில்லை. நேரே மையில் எழுதினேன்.

இதற்காக நான் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லஞ்சம் வாங்கிக் கெட்டுப்போனான் என்று என்னை நானே திட்டிக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். உண்மைக் காரணம் வேறு. அடுத்தவர்களைச் சிரிக்கவைத்தே பழகியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே நிற்பவர் முகம் கோணுவதை அவனால் தாங்க முடியாது. முப்பத்தொன்பது வீட்டு முகம் கோணும், ஒரு வீட்டு முகம் கோணும் என்று எண்ணிப் பார்த்தேன். எளிதான பக்கம் சாய்ந்தேன். அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது மாடசாமி கூப்பிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தான். கூட்டத்தில் இரண்டு மாட்டு ஜோக் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கருப்பாயி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அறைகள் வந்தன. சீசன் ஆர்டர் வந்தது. அடுப்புகள் எரிந்தன. நான் செய்தது சரிதான் என்று ஏழெட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆலைகளின் பாதுகாப்பைச் சோதிக்கப் புது அதிகாரிகள் வந்தார்கள். வெடிமருந்து அறைகளுக்கு மிக அருகில் வீடுகள் இருப்பதைப் பார்த்தார்கள். ஒன்று அறை போக வேண்டும், இல்லை வீடு போக வேண்டும். எது முதலில் வந்தது என்று கோப்பைப் பார்த்தார்கள். அறைகளுக்கு உரிமம் இருந்தது. அறைகள் கட்டுவதற்கு முன் அங்கே குடியிருப்பு ஏதுமில்லை என்று என் கையெழுத்து இருந்தது. ஆகவே வீடுகள் பிறகு வந்தவை. ஆகவே ஆக்கிரமிப்பு. எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். என் பணிக்காலத்தில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு கச்சிதமாகப் பயன்பட்டதில்லை.

அப்போது நான் வேறு தாலுகாவில் துணைத் தாசில்தார். விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். தாழ்வாரத்தில் அந்த நாற்பது வீட்டுச் சனமும் தரையில் உட்கார்ந்திருந்தது. கருப்பாயி கதவுக்கு நேரே. அறைக்குள்ளிருந்து எனக்கு அவரைத் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்திருக்கும்.

அதிகாரி சின்ன வயது. மரியாதையானவர். கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“நேர்ல போய்ப் பாத்துத்தானே எழுதினீங்க?”

“ஆமா சார்.”

“அப்ப அங்க வீடு இருந்துச்சா?”

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நடந்தும் பதில் மாறவில்லை. இருந்தது என்று சொன்னால் பொய்ச் சான்று கொடுத்தவன் ஆவேன். விசாரணை, தற்காலிகப் பணிநீக்கம், ஓய்வுக்கு நாலே வருடம். ஒரு சொல்தான். ராஜமாணிக்கம் சொன்னது சரி. மையில் எழுதியதற்கு நான் வக்காலத்து வாங்கினேன்.

“இல்ல சார்” என்றேன்.

அவர் நன்றி சொல்லி, டீ சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். வெளியே வந்தபோது கருப்பாயி எழுந்து நின்றார். ஏதாவது கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. ஒதுங்கி வழி விட்டார், அவ்வளவுதான்.

படிக்கட்டில் மாடசாமி நின்றான். மீசையில் நரை வந்திருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீயும்தானே எழுத வேண்டாம் என்று சொன்னாய் என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லப் போனேன் என்று நினைக்கிறேன்.

அவன் முந்திக்கொண்டான். “ஆமா சார். எழுதாதீகன்னு நாங்கதான் சொன்னோம். நாங்க வகுத்துக்குப் பயந்த பயலுக, ஆயிரம் சொல்லுவோம். நீங்க ஏன் சார் கேட்டீக?”



வீடுகளை இடித்தார்கள். சனங்கள் நாரணாபுரம், திருத்தங்கல் என்று வாடகை வீடுகளுக்குச் சிதறிப் போனார்கள். அந்த நிலம் பாதுகாப்பு இடைவெளியாக வேலிக்குள் போனது. ஆள் தவறி விழுந்துவிடக் கூடாது என்று கிணற்றை மண் போட்டு மூடினார்கள். என் அறிக்கையில் நான் எழுதியதில் பொய்யாக இருந்த எல்லாமே இப்போது உண்மையாகிவிட்டது. நான்கு திசைகளிலும் குடியிருப்பு ஏதுமில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் கௌசல்யாவின் போன் பாதிக் காரணம்தான். அவர் போன் செய்த மறுவாரம், காலை பத்து மணி இருக்கும், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கருப்பாயி. முதுகு வளைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“வாங்க, உள்ள வாங்க” என்றேன்.

“இருக்கட்டும் சார். பத்திரிக குடுக்க வந்தேன். மாடசாமி மகனுக்குக் கல்யாணம். அவன் வரக் கூச்சப்பட்டான், நான் கொண்டாந்தேன்.”

ரோஸ் கார்டு. பிரித்தேன். ‘இருளப்பன்கிணறு மாடசாமி அவர்களின் குமாரன்’ என்று இருந்தது. கோடு எதுவும் இல்லை.

“காதர் பாய் மகன்தான் அடிச்சுக் குடுத்தான். ‘அப்படி ஒரு ஊரே இப்ப இல்லியேண்ணே, போடணுமா’ன்னு கேட்டானாம். ‘இனிமே அதப் போட்டா எந்தப் பய என்னைய வேலைய விட்டு நிறுத்துவான்’னு மாடசாமி சொன்னானாம்.” கருப்பாயி கொஞ்சம் மூச்சு வாங்கினார். “சார், எங்கிட்ட வாங்குனீகளே, புள்ள காதுகுத்துத் தாளு. இருக்கா, தூரப் போட்டீகளா?”

இருந்தது. பீரோவில், என் பென்ஷன் கோப்புக்கு அடியில். திருத்தங்கல் கம்பியிலிருந்து எடுத்த அந்த இன்னொரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் அதோடு இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து, ரோஸ் கார்டின் பக்கத்தில், முன்னறை மேசையில் வைத்தேன். மஞ்சள், வெளிறிய மஞ்சள், ரோஸ். மூன்று தாள்.

கருப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்து எண்ணினார். “மூணு வீட்டுத் தாளு. சரியா இருக்கா சார்?”

“சரியா இருக்கு.”

“இனிமே ஊருன்னு எழுதலாம்ல?”

கிண்டலா, உண்மையாகவே கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கௌசல்யாவைக் கூப்பிட்டு விவரம் முழுக்கச் சொன்னேன். நான் கொடுத்தது பொய்ச் சான்று, எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். “சார், லிஸ்ட்ல புதுசா ஒரு ஊரச் சேக்கணும்னா அங்க வீடு இருக்கணும் சார்” என்றார். பாவம், அவர் என்ன செய்வார்?

அது மறுநாள் கதை. அன்று கருப்பாயி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காதுகுத்துப் பத்திரிகையை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். “கொஞ்சம் தண்ணி குடுங்க சார், நடந்து வந்தது நாக்கு வறளுது” என்றார்.

சொம்பில் கொண்டுவந்தேன். வாசலில் நின்றே, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, சொம்பை என் கையில் கொடுத்தார். என்னையும், எனக்குப் பின்னால் இருந்த வீட்டையும், கதவையும், நிலையையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“உங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிருக்கேன். இங்கன ஒரு வீடு இருந்துச்சான்னு நாளைக்கு எவன் வந்து கேட்டாலும், இருந்துச்சுன்னு சொல்லுவேன் சார்” என்றார்.

படி இறங்கிப் போய்விட்டார்.